மருத்துவ ஆலோசனைக்கு எதிராக

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டபோது காலை நாலரை மணி. 2022 செப்டம்பர். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாவது மாடி, ஐ.சி.யூ.வுக்கு வெளியே இருந்த கவுண்டர். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரே ஒரு பக்கம். மேலே நோயாளியின் பெயர், கீழே உறவுமுறை, கையெழுத்து, நேரம். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு எழுதியிருக்குதும்மா."

முழுப் பொய் இல்லை. ஆனால் தாளின் தலைப்பு வேறு. மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறுதல். ஆங்கிலத்தில் அந்தச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆஸ்பத்திரிக்காரர்கள் 'லாமா' என்கிறார்கள். "பெட் ஏழு லாமாங்க" என்று நர்ஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் அப்பாவுக்குக் கடைசியாகக் கிடைத்த பெயர் அதுதான்.

அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கைமடியாகப் போகத் தொடங்கியபோது வயது பன்னிரண்டு. பிறகு ஓவர்லாக் டெய்லர், பிறகு பவர் டேபிள் காண்ட்ராக்ட். கடைசிப் பதினைந்து வருடம் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு ஷெட்டில் பன்னிரண்டு மிஷின் வைத்து ஜாப்வொர்க் எடுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடும்போதுதான் விழுந்தார். கையில் நோட்டுக்கட்டு இருந்ததாம். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. நான் பெங்களூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் தொண்டையில் குழாய் இறக்கியிருந்தார்கள்.

அடுத்த பதினோரு நாளில் நான் கற்றுக்கொண்டது மருத்துவம் அல்ல, சொற்கள். பெரும்பாலும் சட்டச் சொற்கள். அவை சட்டச் சொற்கள் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

முதல் சொல் 'சப்போர்ட்'. "சப்போர்ட்ல வச்சிருக்கோம்" என்றார் டாக்டர். என் மாமா வெளியே வந்து ஒரம்பரைகள் எல்லோருக்கும் போன் போட்டு, "சப்போர்ட் குடுத்திருக்காங்க, தேறிருவாரு" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கீழே சாய்கிற வாழைக்கு முட்டுக் கொடுப்பது சப்போர்ட். பேங்கில் லோன் வாங்க ஒருத்தர் ஜாமீன் போடுவது சப்போர்ட். முட்டுக் கொடுத்தால் மரம் குலை தள்ளும் என்பதுதான் நமக்குத் தெரிந்த அர்த்தம்.

நீதிமன்றத் தீர்ப்புகளில் வருவது உயிரை நீட்டித்துத் தாங்கும் சிகிச்சை என்ற பொருளில். வெண்டிலேட்டர், ரத்த அழுத்தம் விழாமல் பிடித்து வைக்கும் மருந்துகள், டயாலிசிஸ் போன்றவை. உடம்பின் ஓர் உறுப்பு செய்ய வேண்டிய வேலையை வெளியிலிருந்து செய்துகொடுப்பவை. இவற்றில் எதுவும் நோயைக் குணமாக்குவதில்லை. நோய் குணமாக நேரம் வாங்கித் தருகின்றன, அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் குணமாகிற நோயாக இருந்தால் அது பாலம். இல்லாவிட்டால்? அதற்கு டாக்டர்களிடமும் நல்ல வார்த்தை இல்லை. என் தொழிலில் 'கீப் அலைவ்' என்று ஒன்று உண்டு. இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே பேச ஒன்றும் இல்லாதபோதும் இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க அவ்வப்போது அனுப்பும் வெற்றுச் செய்தி. மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்பது. ஐந்தாம் நாள் ராத்திரி கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவின் நெஞ்சு ஒரே அளவில் ஏறி இறங்குவதைப் பார்த்தபோது அந்தச் சொல் தானாக வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

ஆறாம் நாள் மாமா டாக்டரிடம் நேரடியாகவே கேட்டார்: "மூளைச்சாவுங்களா?"

தமிழ்நாட்டில் இந்தச் சொல் மட்டும் எல்லோருக்கும் தெரியும். 2008-இல் ஹிதேந்திரனின் பெற்றோர், இருவரும் மருத்துவர்கள், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைத் தானம் கொடுத்த பிறகு அது செய்தித்தாள் சொல்லாகவே ஆகிவிட்டது. 2023-இல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று அறிவிப்பும் வந்தது. நாம் நினைப்பதைவிட இது கறாரான சட்டச் சொல். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் சோதிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. மூளைத்தண்டு முற்றிலும் நின்றுவிட்டது என்று உறுதியானால் அவர் இறந்தவர். வெண்டிலேட்டர் அவர் நெஞ்சை அசைத்துக்கொண்டிருந்தாலும் இறந்தவர்தான்.

அப்பா அப்படி இல்லை. மெஷினை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தால் தானாக ஒரு மூச்சை இழுக்க முயன்றார். வலி கொடுத்தால் இடது கை லேசாக மடங்கியது. "மூளைச்சாவு இல்லைங்க, ஆனா திரும்ப வர்றதுக்கும் வாய்ப்பில்லை" என்றார் டாக்டர். மாமாவுக்கு இதில் முதல் பாதி மட்டும்தான் கேட்டது. சட்டத்திலும் அந்த முதல் பாதிக்குத்தான் தெளிவான பெயர் இருந்தது. இரண்டாம் பாதி, அதாவது சாகவில்லை, வாழப்போவதும் இல்லை என்பது, இந்த நாட்டில் பல வருடம் பெயரில்லாமல் கிடந்த இடம்.

அந்த இடத்தில் 42 வருடம் படுத்திருந்தவர் அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸ். 1973 நவம்பரில் அதே மருத்துவமனையின் ஊழியர் ஒருவனால் தாக்கப்பட்டு, கழுத்து நெரிக்கப்பட்டு, மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் படுக்கையில் விழுந்தவர். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச் 7 தீர்ப்பு அந்தக் கோரிக்கையை மறுத்தது. ஆனால் அதே தீர்ப்பில்தான், தகுந்த நிலையில் உயிர் தாங்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம், அதற்கு உயர் நீதிமன்றம் அனுமதி தர வேண்டும் என்று முதல்முறையாக ஒரு வழி திறந்தது. மறுநாள் தமிழ்ப் பேப்பர்களில் எல்லாம் 'கருணைக் கொலை'.

இந்த மொழிபெயர்ப்பின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. எவ்வளவு கருணை முன்னால் வந்தாலும் பின்னால் நிற்பது கொலை. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் எந்த மகனும் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லமாட்டான். சொல்ல வார்த்தை இல்லாததை எப்படிக் கேட்பது? ஊசி போட்டு உயிரை எடுப்பதும், பயனில்லாமல் போன மெஷினை விலக்கி நோய் தன் வழியில் போக விடுவதும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. முன்னது இந்தியாவில் இன்றும் குற்றம். பின்னது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2018-இல் இந்தச் சொற்களுக்கெல்லாம் பொருள் வரையறுத்து ஒரு சிறு ஆவணம் வெளியிட்டது. பின்னதைக் குறிக்க நீதிமன்றங்கள் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லைக்கூட இனிக் கைவிட வேண்டும் என்கிறது அது. நம் பேப்பர்கள் விடவில்லை.

அருணா வழக்கில் இன்னொரு சொல் உண்டு. 'அடுத்த நண்பர்'. தன் சார்பில் தானே பேச முடியாதவருக்காக நீதிமன்றத்தில் பேசுபவர். பிங்கி விரானி அந்த இடத்தில் நின்றுதான் மனுப் போட்டார். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் ஒரு படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட கே.இ.எம். நர்சுகள்தான் அவருக்கு உண்மையான அடுத்த நண்பர்கள், அவர் வாழ வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள் என்றது. 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்தச் சொல் புத்தகத்தில் அல்ல, பெட் எட்டில் புரிந்தது. ஒடிசாவிலிருந்து வந்து ஒரு டையிங்கில் வேலை பார்த்த பையன், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. பைக் விபத்து. வெளியே அவனுக்காக உட்கார்ந்திருந்தது அவன் கம்பெனி சூப்பர்வைசர். ஒவ்வொரு தாளிலும் 'உறவுமுறை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் முதலில் 'சூப்பர்வைசர்' என்று எழுதினார். கவுண்டரில் ஒத்துக்கொள்ளவில்லை. அடித்துவிட்டு 'நண்பர்' என்று எழுதினார். அதற்கும் முகம் சுளித்தார்கள். பையனின் அண்ணன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். வந்துசேர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவர்தான் ரத்தத்துக்கு ஆள் பிடித்தார், பையனின் அம்மாவிடம் அரைகுறை இந்தியில் போனில் பேசினார், வராந்தாவிலேயே தூங்கினார். அருணாவின் நர்சுகளைப் போல அவரும் அடுத்த நண்பர்தான். அவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

*

ஒன்பதாம் நாள் அப்பாவின் சிறுநீரகம் நின்றது. டயாலிசிஸ் ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் கேட்டார். ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கிட்னி வேலையை மெஷின் பார்க்கும். தலையில ஆனதுக்கு ஒண்ணும் மாறாதுங்க." நானும் அக்காவும் அம்மாவும் மாமாவும் வராந்தாவில் பேசி வேண்டாம் என்றோம். ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டார்கள். யாரும் எங்களை ஒரு மாதிரி பார்க்கவில்லை.

பத்தாம் நாள் நான் கேட்டேன்: அப்படியானால் வெண்டிலேட்டரையும் எடுத்துவிடலாமா? இருமல் வராமல், மூச்சுத் திணறல் தெரியாமல் மருந்து கொடுத்து, எங்களை உள்ளே விட்டு?

"அது எங்களால முடியாதுங்க சார்."

தொடங்காமல் இருப்பது, தொடங்கியதை விலக்குவது. மனதுக்கு இவை வேறு வேறு. முன்னதில் கை கட்டி நிற்கிறோம், பின்னதில் கை நீள்கிறது. ஆனால் சட்டம் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு அது. கண்ணியமாக வாழும் உரிமைக்குள் கண்ணியமாக இறக்கும் உரிமையும் அடக்கம். மீள வழியில்லாத நிலையில் சிகிச்சையைத் தொடங்காமல் இருக்கலாம், தொடங்கியதை விலக்கவும் செய்யலாம். டாக்டருக்கும் இது தெரிந்திருந்தது. "தீர்ப்பு இருக்குதுங்க, நடைமுறையில யாரும் பண்றதில்ல" என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை.

அந்த நடைமுறையைப் பிறகு படித்துப் பார்த்தேன். முதலில் மருத்துவமனை ஒரு மருத்துவக் குழு அமைக்க வேண்டும். அது ஒத்துக்கொண்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல். ஆட்சியர் இரண்டாவது குழு அமைக்க வேண்டும். அதுவும் ஒத்துக்கொண்டால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நேரில் வந்து நோயாளியைப் பார்த்து அனுமதி தர வேண்டும். ஐ.சி.யூ.வில் ஒரு நாள் பில் எவ்வளவு என்று தெரிந்தவர்கள் இந்த வரிசையைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். காப்பீட்டு அட்டையின் வரம்பு ஏழாம் நாளே தீர்ந்திருந்தது. அப்பாவின் மிஷின்களில் நாலை விற்கப் பேசி முடித்திருந்தோம். நான் அந்த முடிவை அப்பாவின் நிலைமைக்காக எடுத்தேனா, பணத்துக்காக எடுத்தேனா என்று இன்றைக்கும் என்னிடம் யாராவது கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்வேன்.

சட்டம் திறந்து வைத்த வாசல் இப்படி அடைத்துக் கிடந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? சுவரேறிக் குதிப்பார்கள். அந்தச் சுவர்தான் லாமா. வெண்டிலேட்டரை ஆஸ்பத்திரிக்குள் எடுக்க முடியாது. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டு நோயாளியைக் கொண்டுபோகலாம். வழியில் என்ன நடந்தாலும் உங்கள் பொறுப்பு. இதைச் சொல்லித் தந்தது ஆஸ்பத்திரி ஆட்களேதான், வாய்மொழியாக. "வீட்டுல உசுரு போகணும்னு நெனைக்கறீங்கல்ல, அப்ப லாமா போட்டுக்கங்க." ஆக, மருத்துவ ஆலோசனைக்கு எதிராக நாங்கள் செய்தது மருத்துவர் காதோடு சொன்ன ஆலோசனையைத்தான்.

ஆம்புலன்சில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பையன் ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே வந்தான். அமுக்கினால் மூச்சு. நீலாம்பூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர், அவினாசி. ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். ஓர் இடத்தில் அவன் கை வலித்து மாற்றிப் பிடித்தபோது நான் எண்ணிக்கொண்டிருந்த கணக்கு தப்பியது. வீட்டில் திண்ணையை ஒட்டிய அறையில் கட்டில் போட்டிருந்தார்கள். பையை எடுத்த பிறகு அப்பா நாற்பது நிமிடம் இருந்தார். நெஞ்சில் சளி கரகரத்தது. அதற்குக் கொடுக்க எங்களிடம் எந்த மருந்தும் இல்லை. லாமா போட்டவர்களுக்கு மருந்துச் சீட்டு கிடையாது. அக்கா ஸ்பூனில் பால் விட்டாள். அது உள்ளே போகவில்லை.

வீட்டில் போனது உயிர், அது நல்லதுதான். ஆனால் அந்த நாற்பது நிமிடம் அவர் அப்படிப் பட்டிருக்க வேண்டியதில்லை.

நாலு மாதம் கழித்து, 2023 ஜனவரி 24 அன்று, உச்ச நீதிமன்றம் தன் நடைமுறையைத் தானே திருத்தியது. ஆட்சியர் இல்லை. நடுவர் நேரில் வரத் தேவையில்லை, அவருக்குத் தகவல் கொடுத்தால் போதும். சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதல் குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவருடன் இரண்டாவது குழு. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு. நோயாளி முன்கூட்டி எதுவும் எழுதி வைக்காவிட்டாலும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழிதான். பேப்பரில் படித்தபோது ஆபீஸ் கேண்டீனில் இருந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

*

அம்மாவுக்குத் தெரிந்தது இன்சூரன்ஸ் பாலிசிக்காக டிஸ்சார்ஜ் தாளைக் கொடுத்தபோது. ஏஜென்ட் படித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்: "டாக்டர் பேச்ச மீறிக் கூட்டிட்டு வந்துட்டீங்களாக்கா?"

அம்மா என்னிடம் உடனே கேட்கவில்லை. பொங்கலுக்குப் போயிருந்தபோது, அடுப்படியில், முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். "டாக்டரு வேண்டாம்னு சொன்னதையா கண்ணு நாம பண்ணுனோம்?"

இல்லம்மா என்றேன். பின்ன ஏன் அப்படி எழுதியிருக்குது? அவர்களைக் காப்பாற்றிக்கொள்ள என்றேன். அப்ப நம்மள யாரு காப்பாத்தறது? கேஸெல்லாம் வராதும்மா. "கேஸப் பத்தி யாரு கேட்டா?" என்றாள்.

அவள் கேட்டது அந்தச் சொல்லைப் பற்றி. நாலு பேர் உட்கார்ந்து பேசி, டாக்டர் தலையாட்டி, எல்லோருமாக எடுத்த முடிவு தாளில் ஏறியபோது ஒரு வீட்டார் செய்த மீறலாக மாறியிருந்தது. அதற்கு அடியில் என் கையெழுத்து. அன்றைக்கு நான் அவளுக்கு ஒழுங்காக மொழிபெயர்த்திருந்தால், "இப்படித் தப்பா எழுதியிருக்கறதுல எதுக்குக் கையெழுத்துப் போடற?" என்று கவுண்டரிலேயே கேட்டிருப்பாள். கேட்கக்கூடியவள்தான்.

அதனால்தான் 2024-இல் முன்கூட்டிய மருத்துவ வழிகாட்டுதல் பற்றி அவளிடம் பேசினேன். அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. பேப்பர்க்காரர்கள் 'வாழும் உயில்' என்கிறார்கள். நான் அதைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கம் உயில் என்றால் பூமி. யாருக்கு எவ்வளவு சென்ட் என்பது. நோட்டரியும் அப்படித்தான். "சொத்து விவரம் எங்கீங்க?" என்றார். சொத்து இல்லைங்க, உடம்பு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு முழுவதும் படித்தார். முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

விதி சிக்கலானதல்ல. பதினெட்டு வயதான, தெளிந்த மனமுள்ள எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள். நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து. தனக்குப் பேச முடியாமல் போனால் யார் பேச வேண்டும் என்று ஒருவரையோ பலரையோ குறிப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு நகலை ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் கொடுத்து வைக்க வேண்டும். நான் போன அலுவலகத்தில் அப்படி ஒருவர் இல்லை. வரித் தாள்களோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார் ஒரு பெண். உதவ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கேட்டார். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இந்த நடைமுறையைச் செயல்படுத்தச் சுற்றறிக்கை விட்டது. நான் வேலை செய்யும் ஊரில் நகலை யாரிடம் கொடுக்கலாம் என்று தேடும் அளவுக்காவது விஷயம் நகர்ந்திருக்கிறது.

நோட்டரியிடம் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து வரி வரியாகத் தமிழில் படித்தேன். இந்த முறை எதையும் விடவில்லை. வெண்டிலேட்டர் வேண்டாம் என்றாள். கிட்னி மெஷின் வேண்டாம். நெஞ்சை அமுக்கி எழுப்ப வேண்டாம். வலிக்கு மட்டும் மருந்து வேண்டும். "உங்கொப்பனுக்குக் குடுக்காம வுட்டமே, அது." எழுதிக்கொண்டேன். உணவுக் குழாய் என்ற வரி வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"கஞ்சி ஊத்தறத நிறுத்தக் கூடாது."

அம்மாவின் இந்த வரியில் நீதிமன்றங்களே தடுமாறியிருக்கின்றன. 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மாடியிலிருந்து விழுந்து பத்து வருடத்துக்கு மேலாகப் படுக்கையில் நினைவின்றி இருந்த ஓர் இளைஞரின் பெற்றோர் தொடுத்தது. அவருக்கு மெஷின் எதுவும் இல்லை, குழாய் வழியாக உணவு மட்டும்தான் போகிறது, எனவே அவர் எந்த உயிர் தாங்கும் கருவியிலும் இல்லை என்று நீதிமன்றம் மனுவை மறுத்தது. பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். குழாயில் போவது சோறா, சிகிச்சையா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

நான் இதை அம்மாவிடம் சொன்னேன். குழாய் மூக்கு வழியாகப் போவது, மாதக்கணக்கில் இருப்பது, கையைக் கட்டிவைப்பது எல்லாம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வாயில ஊத்துனா முழுங்கற வரைக்கும் ஊத்தோணும். முழுங்கலீன்னா குழாய் வேண்டாம்" என்றாள். பிறகு, "இதயும் அப்படியே எழுது. இங்கிலீசுல எழுதாத" என்றாள்.

எழுதினேன். நோட்டரி அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றார். 'ஊத்தோணும்' என்பதை 'ஊற்ற வேண்டும்' என்று மாற்றலாமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். தாள் இப்போது பீரோவில், மிஷின் விற்ற ரசீதுக்கும் பூமிப் பத்திரத்துக்கும் நடுவில் இருக்கிறது. தனக்காகப் பேச வேண்டியவர் என்ற இடத்தில் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னாள்.